இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்காரிகள்

அன்று காலை வீட்டுக்காரர் சட்டையின் இரண்டாவது பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிக் கொடுங்கள் என்றால், நேரமாகிவிடும் என்று அடம்பிடித்தார். அதனால் அவரைக் கதவோடு சேர்த்து நிற்க வைத்து, போட்ட சட்டையிலேயே தையல்காரி ஊசியைக் குத்தினாள். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் தையல்காரிதான். தெருமுனையில் சின்னதாக ஓர் ஆல்டரேஷன் கடை. இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துவது, தொளதொளவென்று இருப்பதை இறுக்குவது, தரையைக் கூட்டுகிற பேன்ட்டைக் குட்டையாக்குவது என்று இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

"ஆடாதீங்க. மூச்சு விட்டா ஊசி குத்தும்."

"மூச்சு கூட விடக்கூடாதா?"

"மெதுவா விடுங்க."

அவர் மெதுவாக விட்டார். "இன்னைக்கு அந்தக் கடைக்காரியை எப்படியாவது அவ கடையில உக்கார வெச்சிடணும். ஏழு மாசமா இழுத்துக்கிட்டே போகுது."

"ஏழு மாசமா ஒரு பொம்பளையோட மல்லாடிக்கிட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீ திருத்தம் சொல்லுவே."

அது உண்மைதான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் போனார்.

மாலை ஆறே காலுக்கு, லிஃப்ட் வேலை செய்யாததால் அலுவலகப் படியில் இறங்கியவர், இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்து மூன்று. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது அந்தப் பொத்தான் சும்மா கல் மாதிரி நின்றது. தையல்காரி அதைக் கவனித்தாள். இந்த நேரத்தில் இதையா பார்க்கத் தோன்றுகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவருடைய வேலையைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க முடிந்ததே இல்லை. வீடியோ கேமில் வருகிற ஆட்களுக்கு உடம்பு செய்து கொடுப்பார். முகத்துக்கு ஒருவர், உடைக்கு ஒருவர், நடைக்கு ஒருவர் என்று தனித்தனியாக இருந்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை அவர் பொறுப்பு. "நான் உடம்பு செய்யறேன், அவ அந்த உடம்புக்குத் துணி செய்யறா. ரெண்டு பேருக்கும் மூக்கும் முழியும் பத்தி அக்கறை கிடையாது" என்று வருகிறவர்களிடம் சொல்லுவார்.

முதல் சில வருடங்கள் அவர் வீட்டுக்குப் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். அது அவர் செய்த தப்பு. ஒரு வீராங்கனையின் படம் வந்தது. கையில் ஆளுயர வாள், தோளில் இரும்பு, முழங்காலில் இரும்பு. நடுவில் வயிறு மட்டும் காற்றாட விட்டிருந்தது.

"இவ யாரோட சண்டைக்குப் போறா?"

"பூதத்தோட."

"பூதம் முழங்கால்லதான் குத்துமா?"

அவருக்கு வாயில் ஈ புகுந்த மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு நாள் ஒரு சூனியக்காரியின் கவுன். தையல்காரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கொக்கியா, நாடாவா, பசையா என்று கேட்டாள். மந்திரம் என்றார். மந்திரம் வேர்வைக்குத் தாங்குமா என்றாள். அதற்குப் பிறகு படங்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது.

அவர் போய் ஒரு மாதமும் சில நாளும் ஆன பிறகு கேப்டனிடமிருந்து போன் வந்தது. கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை. பதினோரு பேர் வேலை செய்த அந்தக் கேம் கம்பெனியின் முதலாளி. வயது முப்பத்தைந்து; எந்நேரமும் தீப்பிடித்த வீட்டுக்குள் இருந்து பேசுவது போலப் பேசுவான்.

"அண்ணி, ஒரு சின்ன விஷயம். அண்ணன் செஞ்ச ஒரு வேலை தொடர்பா. நீங்க நேர்ல வந்து பார்த்தீங்கன்னா நல்லது. போன்ல சொன்னா... போன்ல சொல்ல முடியாது அண்ணி."

அவளுடைய அக்கா அப்போது அவளோடுதான் தங்கியிருந்தாள். தங்கையைத் தனியே விடக்கூடாது என்று வந்தவள், வந்த நாளிலிருந்து தங்கையைத் தனியே விடவே இல்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகூடப் பேசினாள்.

"போன்ல சொல்ல முடியாத விஷயம்னா என்னவா இருக்கும்?" என்றாள் அக்கா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "நான் ஒண்ணும் சொல்லலை. ஆம்பளைங்க சமாச்சாரம். ஏதாவது ஒரு பொம்பள கிம்பளன்னு..."

"ஏழு மாசமா ஒருத்தி இருந்தா. கடைக்காரி."

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கிச் சொல்லி எழுப்புவதற்குள் தையல்காரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஒரு மாதத்தில் முதல்முறையாக அவள் சிரித்ததும் அப்போதுதான்.

இருவரும் போனார்கள். லிஃப்ட் இப்போது வேலை செய்தது. தையல்காரி அதில் ஏறவில்லை. படியிலும் ஏற மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கீழேயே நின்றாள். பிறகு அக்கா கையைப் பிடித்து லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

அலுவலகம் என்பது ஒரே ஒரு நீளமான அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மேசைக்கு மேசை குடித்து முடித்த காபிக் கோப்பைகள். ஓரத்தில் அவருடைய நாற்காலி மேல் யாரோ ஒரு சட்டையை மடித்துப் போட்டிருந்தார்கள், இடம் பிடித்து வைப்பது போல. எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் ஒவ்வொருவராக வந்து காபி வேண்டுமா என்று கேட்டார்கள். நான்காவது ஆள் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லக் களைத்துப்போய் அக்கா வாங்கிக்கொண்டாள்.

கேப்டன் ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினான். ஆட்களுக்கு நடை செய்து தருகிறவள் என்பதால் அவளுக்கு அங்கே நடைக்காரி என்று பெயர். அவருக்குப் பக்கத்து மேசை. கண் சிவந்திருந்தது.

"அண்ணி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் கேப்டன். "எங்க கேம்ல ஆம்பளைங்களுக்குப் பதினோரு உடம்பு அச்சு இருக்கு. குண்டு, ஒல்லி, கிழவன், கூனன், ராட்சசன், எல்லாம். பொம்பளைங்களுக்கு..."

"பொம்பளைங்களுக்கு?"

"ஒண்ணு."

"எத்தனை பொம்பளைங்க?"

"இருநூத்துப் பதினாலு."

தையல்காரி நடைக்காரியைப் பார்த்தாள். நடைக்காரி கூரையைப் பார்த்தாள்.

"ராணி, ராணியோட அம்மா, பிச்சைக்காரி, மீன்காரி, எல்லாத்துக்கும் அதே அச்சுதான் அண்ணி," என்றாள் நடைக்காரி. "ராணியோட அம்மாவுக்கு நரைமுடி மட்டும் வெப்போம். இடுப்பு அதே இருபத்து மூணு அங்குலம். அண்ணன் ரொம்ப நாளா சண்டை போட்டுக்கிட்டிருந்தாரு. ஒரே ஒரு கடைக்காரியாவது நாப்பது வயசு தாண்டின மாதிரி இருக்கட்டும்னு. கேப்டன் முடியாதுன்னாரு. அண்ணன் வேலை முடிஞ்சு தினம் அரை மணி நேரம் உக்கார்ந்து தானே செஞ்சாரு. நடை மட்டும் அவர் நடந்து காட்டக் காட்ட நான் செஞ்சு அந்த உடம்போட சேர்த்துக் கொடுத்தேன்."

"செலவு அண்ணி," என்றான் கேப்டன், காதைச் சொறிந்துகொண்டு. "ஒரு அச்சு செய்ய மாசக்கணக்காகும். சரி, அதை விடுங்க. நடந்தது என்னன்னா, அண்ணன் அந்தக் கடைசி நாள் சாயங்காலம், கடைக்காரி உடம்பைக் கேம்ல ஏத்தியிருக்காரு. ஏத்தும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். இந்த ஒருத்திக்கு மட்டுமா, எல்லாருக்குமான்னு."

விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் படத்தைப் போட்டான்.

சுவரில் ஒரு ராஜ்ஜியம் விரிந்தது. கோட்டை, கொடி, கடைத்தெரு. கடைத்தெருவில் ஐம்பது அறுபது பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் தையல்காரி. முகங்கள்தான் வேறு. கழுத்துக்குக் கீழே அதே உடம்பு, அதே நடை. வலது காலை ஊன்றி இடது காலை லேசாக இழுத்து, பத்தடிக்கு ஒருமுறை நின்று இடுப்பில் கை வைத்து, போகிற வழியில் கண்ணில் படுகிற எல்லோருடைய துணியையும் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்து.

அக்கா காபியைக் கீழே வைத்தாள்.

உப்பரிகையில் ராணி தோன்றினாள். இருபத்து மூன்று அங்குல இடுப்புக்குத் தைத்த பட்டுக் கவுன் அவள் மேல் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. ராணி கையை உயர்த்திப் போருக்கு அழைத்தாள். உயர்த்திய கையாலேயே கவுனின் தோளை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆற்றங்கரையில் கடற்கன்னி ஒருத்தி, வால் இருந்தும், இடுப்பில் கை வைத்திருந்தாள். வானத்திலிருந்து ஒரு தேவதை இறங்கினாள். இறங்கியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா இது?" என்றாள் தையல்காரி.

சுவருக்கு இன்னும் கிட்டே போனாள்.

"இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்காரு," என்றாள் அக்கா. உடன்பிறந்தவள் உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா.

"நாங்க யாரும் மூணு வாரம் கேமைத் திறந்தே பார்க்கலை அண்ணி," என்றான் கேப்டன். "மனசு இல்லை. அப்புறம் இதை வாங்கி வெளியிடப்போற பெரிய கம்பெனிக்காரங்க பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்து விளையாட வெச்சாங்க. ராணி வெளிய வந்ததும்..." அவன் தொண்டையைச் செருமினான். "ரொம்பச் சிரிச்சுட்டாங்க."

நடைக்காரி மெல்ல அருகில் வந்தாள். "எனக்கு என்ன தோணுதுன்னா அண்ணி, அண்ணன் தெரிஞ்சுதான் செஞ்சிருக்காரு. அவர் உலகத்துல எல்லாப் பொண்ணுமே நீங்கதான்னு..." கைக்குட்டையைத் தேடினாள். இரண்டு மேசை தள்ளி யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தையல்காரிக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அழகான எண்ணம்தான். ஆனால் இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவள் அவள். குழாயை மூடாமல் போவார். அடுப்பை அணைக்காமல் போவார். ஒரு தடவை வங்கியில் கொடுக்க வேண்டிய படிவத்தில் பெயர் என்ற இடத்தில் "ஆம்" என்று எழுதிவிட்டு வந்தார்.

"அதெல்லாம் இல்லைம்மா," என்றாள். "பார்க்காம அமுக்கியிருப்பாரு."

அறை சற்று ஏமாந்துபோனது.

அப்போதுதான் மூலையில் இருந்த விற்பனைக்காரர் எழுந்து வந்தார். வெளியிடப்போகிற பெரிய கம்பெனியின் ஆள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. காலர் அரை அளவு பெரிது என்று தையல்காரி பார்த்தவுடனே கண்டுகொண்டாள். கையில் ஒரு காகிதம்.

"மேடம், ஐ ஆம் வெரி சாரி. உங்க இழப்பு பெரிய இழப்பு. விஷயம் இதுதான். இது உண்மையா இருக்கிற ஒரு ஆளோட உடம்புன்னு எங்க வக்கீல் கண்டுபிடிச்சிட்டாரு."

"எப்படி?"

"கோப்போட பேரே 'வீட்டுக்காரி' மேடம். அதுதான் இப்ப எல்லாத்துலயும் ஏறியிருக்கு. வீட்டுக்காரி-ராணி. வீட்டுக்காரி-சூனியக்காரி. வீட்டுக்காரி-வழிப்பறிக்காரி-ஏழு."

அக்கா இருமிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உண்மையான ஆள்னா கையெழுத்து வேணும். நீங்க கையெழுத்துப் போடலைன்னா பிரச்சினையே இல்லை, அந்தக் கோப்பை அழிச்சிடுவோம். எல்லாரும் பழைய அச்சுக்குப் போயிடுவாங்க. போட்டீங்கன்னா, மத்தவங்களை மாத்திட்டு, கடைக்காரியை மட்டும் வெச்சுக்கறோம். ஏன்னா மேடம், அந்தப் பத்துப் பேரும் எதை மறந்தாலும் அவளை மறக்கலை. நல்ல காமெடி. இன்னும் கொஞ்சம் மெருகு போடறோம். அவ ஸ்டூல்ல உக்காரும்போது 'டொயிங்'னு ஒரு சத்தம். மூணு தடவைக்கு ஒரு தடவை ஸ்டூல் உடைஞ்சு கீழ விழுவா. ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது அவனுக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. கேம் வெளிவர ஐந்தே வாரம் இருக்கிறது என்பதும், மிச்சமிருக்கும் பத்துப் பேரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள் என்பதும் அதே முகத்தில் தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் தையல்காரி. "அதுக்கு முன்னாடி அவளைத் தனியா ஒரு தரம் பார்க்கணும். மத்த இருநூத்துப் பதிமூணு பேரும் இல்லாம."

நடைக்காரி அவளை அவருடைய மேசைக்கு அழைத்துப் போய், மடித்த சட்டையை எடுத்து வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். திரையில் கடைக்காரி வந்தாள். துணியோ முடியோ இல்லாத, சாம்பல் நிறத்தில் ஒரு களிமண் உருவம். தையல்காரி கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். அவள் எங்கே போனாலும் டேப் கூடவே போகும்.

"அளக்கணுமா அண்ணி? அதுக்கு இதுலயே வழி இருக்கு. இங்க ஒரு தடவை, அங்க ஒரு தடவை அமுக்கினா அதுவே சொல்லும்."

அமுக்கினார்கள். இடுப்பு முப்பத்தொன்பது. கை இருபத்தொன்று. மார்பு, முதுகு, கழுத்து என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல, தையல்காரி தலையை ஆட்டினாள், பரீட்சைத் தாளைத் திருத்துகிற வாத்தியார் மாதிரி. டேப் போட்டு ஒருநாளும் அவர் அவளை அளந்ததில்லை. கண்ணளவு. அதில் ஒரு அளவுகூடப் பிசகவில்லை.

தோளுக்கு வந்தபோது அவள் நிறுத்தச் சொன்னாள்.

"இது கோணலா இருக்கே."

"ஆமா அண்ணி. இடது தோள் வலதை விட அரை அங்குலம் இறக்கம். நாங்க முதல்ல தப்புன்னு நெனச்சோம். ஆனா அப்படித் தப்பா வரவே முடியாது. நாங்க யாரும் முழு உடம்பு செய்யறதே இல்லை. பாதி செய்வோம். மறுபாதியைக் கம்ப்யூட்டர் கண்ணாடி மாதிரி அதுவே போட்டுடும். பாதி வேலை மிச்சம். இந்தக் கேம்ல இருக்கற எல்லாருமே பாதி ஆளுங்கதான், ராஜா உள்பட. அண்ணன் இது ஒண்ணை மட்டும் ரெண்டு பக்கமும் கையால செஞ்சிருக்காரு. அதான் ஏழு மாசம்."

தையல்காரி தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் மெஷினில் குனிந்து உட்கார்ந்ததில் இறங்கிய தோள் அது. அது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. தன் துணிகளுக்கு இடது பக்கம் உள்ளே ஒரு மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்வாள்; வெளியே தெரியாது. அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கொடியில் காயும் துணியில் பார்த்தாரா, பின்னால் நடந்து வரும்போது பார்த்தாரா, யாருக்குத் தெரியும்.

எல்லோருக்கும் என்று அமுக்கியது கவனக்குறைவு. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அரை அங்குலத்தைக் கவனக்குறைவாகச் செய்ய முடியாது. அது தையல்காரிக்குத் தெரியும்.

"பாவி மனுஷன்," என்றாள். "பேசாமலே இருந்திருக்காரு பாரு."

நடைக்காரி தண்ணீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வர வேண்டிய நேரத்தை விட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். நல்ல பெண்.

தையல்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு விற்பனைக்காரரிடம் போனாள்.

"ஒரு சந்தேகம். அந்தக் கடையில இவ என்ன விக்கறா?"

"கவசம் மேடம். சண்டைக்குப் போற வீரர்களுக்கு."

"எத்தனை வருஷமா கடை வெச்சிருக்கா?"

விற்பனைக்காரர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் "இருபது முப்பது வருஷம் இருக்கும்" என்றான்.

"முப்பது வருஷமா அதே ஸ்டூல்ல உக்கார்றவ எப்படிங்க விழுவா? நான் இருபத்தாறு வருஷமா உக்கார்றேன். மேலே வீடு இடிஞ்சு விழுந்தாலும் ஸ்டூலோடதான் விழுவேன்."

"மேடம், அது சும்மா தமாஷ். ஜனங்க சிரிக்கணும் இல்லையா?"

"சிரிக்கட்டுமே. யாரு வேண்டாங்கறது? அவ சொல்றதைக் கேட்டுச் சிரிக்கட்டும். அவ உக்கார்றதைப் பார்த்து எதுக்குச் சிரிக்கணும்?"

"அவ என்ன சொல்லுவா மேடம்? கடைக்காரிக்கு ரெண்டே வசனம்தான். 'வாருங்கள் வீரரே.' 'சென்று வாருங்கள் வீரரே.'"

"எந்தக் கடைக்காரி அப்படிப் பேசுவா?" தையல்காரி அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். கடைத்தெருவில் ஐம்பது பெண்கள் பார்த்த அதே பார்வை. "இப்ப நீங்க வீரர்னு வெச்சுக்குங்க. கடைக்கு வர்றீங்க. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? தம்பி, அந்தக் காலர் உன்னோடதா, அண்ணனோடதா? கழுத்துக்கும் காலருக்கும் நடுவுல இன்னொரு ஆள் குடியிருக்கலாம் போலிருக்கே. பூதம் அதுக்குள்ள கையை விட்டுத்தான் உன்னைத் தூக்கப்போகுது."

விற்பனைக்காரரின் கை தானாகக் காலருக்குப் போனது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் காகிதத்தால் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னும் கேளுங்க. வயிறு தெரியற கவசம் போட்டுக்கிட்டு ஒருத்தி வருவா பாருங்க, அவகிட்ட என்ன சொல்லணும்? இவ்வளவு இரும்பு வாங்கினியே, நடுவுல வாங்கக் காசு பத்தலையா கண்ணு?"

"சொல்லுடி," என்றாள் அக்கா, "அந்த மந்திரக் கவுன்காரிகிட்ட என்ன சொல்லுவே?"

"தும்மாம போம்மா."

பதினோரு பேர் இடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் சிரித்தார்கள். கேப்டன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டான். "அண்ணி, மெதுவா. மறுபடி சொல்லுங்க. காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல..."

தையல்காரி காகிதத்தை வாங்கிக் கீழே ஓரத்தில் கிடைத்த இடத்தில், தன் கைப்பட மூன்று வரி எழுதினாள். இவளை விழ வைக்கக் கூடாது. இவள் உட்காரும்போது சத்தம் வைக்கக் கூடாது. இவள் தோளைச் சரிசெய்யக் கூடாது.

"தோளா?" என்றார் விற்பனைக்காரர்.

"அது அப்படித்தான்."

வக்கீலிடம் கேட்க வேண்டும் என்று அவர் வெளியே போய்ப் போனில் பேசினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதையும், நடுவில் ஒரு தடவை காலரைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரி மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடியாது என்றால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லை என்றால் இரண்டு பக்கமும் கையால் செய்த அந்த ஒரே உடம்பும் போய்விடும். டொயிங் என்று விழுந்துகொண்டிருப்பதைவிடப் போவது மேல் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். கல்லாகவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒன்றும் பேசவில்லை.

அவர் திரும்பி வந்து, "மூணு வரியையும் ஒத்துக்கிட்டாங்க மேடம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தச் சட்டையை ஆல்டர் பண்ண முடியுமா?" என்றார்.

"கொண்டு வாங்க," என்றாள்.

குரலும் அவளேதான் கொடுத்தாள். சுவரெங்கும் கம்பளி தொங்கவிட்ட அலமாரி அளவு அறையில் நிற்க வைத்து, கடைக்குள் ஒரு வீரர் வருவதாக நினைத்துப் பேசுங்கள் என்றார்கள். எதிரில் ஆள் இல்லாமல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கடைசியில் அக்காவுக்கு விதவிதமாகத் தலையணை, துண்டு, ஒரு குடை எல்லாம் மாட்டி எதிரே நிறுத்தினார்கள். பிறகு வசனம் கொட்டியது. நாற்பது வேண்டும் என்றவர்களுக்கு நூற்றுப் பத்து கிடைத்தது. அதில் பாதி அக்காவைப் பற்றியது என்பதால் அக்கா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மற்ற இருநூற்றுப் பதின்மூன்று பேரும் ஒரே அச்சுக்குத் திரும்பக் கூடாது என்று அவள் கேப்டனிடம் வாதாடிப் பார்த்தாள். ஆம்பளைக்குப் பதினொன்று வைக்கிறவர்கள் பொம்பளைக்கு நாலு அச்சாவது வைக்கக்கூடாதா என்றாள். எல்லோரும் ராத்திரி பகலாக உட்கார்ந்ததில் ஐந்து வாரத்தில் மூன்று தேறியது. பிச்சைக்காரிகளும் மீன்காரிகளும் கொஞ்சம் மனுஷிகள் ஆனார்கள். ராணியின் அம்மாவுக்கு வயிறு வந்தது. ராணி மட்டும் பழைய இருபத்து மூன்று அங்குலத்துக்கே போய்விட்டாள். ராணிக்கு எங்கேயும் சிபாரிசு அதிகம்.

கேம் வெளிவந்தது. பூதத்தைக் கொல்ல வேண்டிய ஜனங்கள் கடைக்காரியிடம் திட்டு வாங்குவதற்கென்றே விதவிதமான கோமாளி உடுப்புகளில் வந்து நின்றார்கள் என்று நடைக்காரி போனில் சொன்னாள். அக்கா தன் வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டாள். வாள் எடுக்கவோ குதிரை ஏறவோ அவளுக்கு வரவில்லை. கடைத்தெரு வரை நடக்க வந்தது. அது போதும் என்றாள். தினம் மத்தியானம் போய்க் கடைக்காரியின் எதிரில் நின்று, திட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் சாப்பிடுவாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் அக்கா பதறிக்கொண்டு போன் செய்தாள்.

"ஏண்டி, ஊரையே மாத்திட்டானுங்க. புதுசா என்னமோ ஏத்தியிருக்கானாம். கோட்டையைக் காணோம். ஆத்து மேல பாலம் வந்திருக்கு. தெருவெல்லாம் கல்லு போட்டுட்டான். எனக்கு வழியே தெரியலை. அவ இருக்காளா இல்லையான்னு நீயே பாரு, நான் இன்னும் சாப்பிடக்கூட இல்லை."

தையல்காரி கடையில் ஒரு பேன்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்ததைப் பிரித்தபடி வைத்துவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நடைக்காரி எப்போதோ மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரைத் திறந்தாள். அக்கா சொன்னது சரிதான். வானத்தின் நிறம்கூட மாறியிருந்தது. மரங்கள் வேறு, குதிரைகள் வேறு. சந்தை இருந்த இடத்தில் கோயில் மாதிரி என்னவோ நின்றது. அவள் புதுக் கல் தெருவில் தட்டுத்தடுமாறி, ஒரு காவலாளி மேல் இரண்டு தடவை மோதி, கடைக்காரி கடைக்கு அடையாளமான கிணறு வரை போனாள்.

"என்னடி, பேசேன். இருக்காளா?"

"இரு, பார்க்கறேன்."

கிணற்றுக்கு எதிரே, இடது வரிசையில், மூன்றாவது கடை. கதவு திறந்திருந்தது. உள்ளே, ஸ்டூலில், இடது தோள் அரை அங்குலம் இறங்கியபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.